செருப்பு சொல்லும் சாட்சி

ஆனைக்குட்டத்தில் எங்க தாத்தாவிடம் ஒருமுறை டேப்ரெக்கார்டரோடு ஓர் ஆய்வாளர் வந்தார். முத்துப்பட்டன் கதை வேணுமாம். "பொம்மக்கா, திம்மக்கா யார் வீட்டுப் பிள்ளைக?" என்று கேட்டார். தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அய்யமார் வீட்டுப் பிள்ளைகய்யா. காட்டுல கெடந்துச்சுக. நம்ம வாலப்பகடை எடுத்து வளத்தாரு" என்றார். அவர் நன்றி சொல்லி நாலு எட்டு வைத்ததும் தாத்தா சிரித்தார்: "நம்ம பிள்ளைகதான்டா. அப்படிச் சொன்னா மேலத்தெருவுல பாட விடுவானா?"

தாத்தா பொய் சொன்னாரா? இத்தனை வருசமாக என்னைக் குடைகிற கேள்வி இது.

கதை தெரியாதவர்களுக்கு: பார்ப்பனனான முத்துப்பட்டன் சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரை விரும்புகிறான். குடுமியையும் பூணூலையும் அறுத்துவிட்டுச் செருப்புத் தைத்தால்தான் பெண் என்கிறார் தகப்பன் வாலப்பகடை. தைக்கிறான். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். பெண்கள் தீயில் இறங்குகிறார்கள். 1971இல் இதைப் பதிப்பித்த நா. வானமாமலை, பெண்களைப் பார்ப்பனப் பிறப்பாக்கியது பிற்காலத்துத் திருத்தம் என்று சுட்டினார். பெயரைக் கேட்டாலே தெரியாதா? பொம்மக்கா, திம்மக்கா: எங்க வீட்டுத் தெலுங்கு அதில் ஒலிக்கிறது. மதுரை வீரனுக்கும் இதே வைத்தியம்தான். ராசா மகனாம்; சக்கிலியர் வீட்டில் வளர்ந்தானாம்.

எங்க சாமிகளை உடைக்கவில்லை, வேறு அப்பனைக் காட்டினார்கள். உடைத்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு அரபு நாட்டைப் பார்க்கலாம். இசுலாத்துக்கு முந்திய தெய்வங்களைப் பற்றி ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலமான இப்னுல் கல்பியின் 'சிலைகளின் நூல்'. 1914இல் கெய்ரோவில் அச்சேறியது. தாயிப் நகரத்து லாத் என்ற பெண்தெய்வம் இருந்ததும் அதில் உண்டு, இடிக்கப்பட்டதும் உண்டு. எழுதியவர் அவளைக் கும்பிடாதவர். (இதை வைத்து முஸ்லிம்களைச் சாட வருகிற காவிக்காரர்கள் முதலில் எங்க சாமிகளின் அப்பன் பெயரைத் திருப்பித் தரட்டும்.) இன்றைய ஆய்வு வேறு பக்கமும் பார்க்கிறது. சிரியா, ஜோர்தான் கருங்கல் பாலையில் ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள் தாங்களே பாறையில் கீறிய சபாயிடிக் எழுத்துகள் ஆயிரமாயிரம் கிடைத்திருக்கின்றன. இன்னார் மகன் இன்னார், லாத் காப்பாற்ற வேண்டும் என்ற மாதிரிச் சின்னச் சின்ன வேண்டுதல்கள்.

நமக்கு அப்படிப் பாறை ஏது? பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பட்டவராயனாக நிற்கிறவன் இதே முத்துப்பட்டன். அவனுக்கு நேர்ச்சை தோல் செருப்பு. சாமி போட்டு நடந்து, அடுத்த வருசத்துக்குள் அது தேய்ந்திருக்கும் என்பது சனங்களின் நம்பிக்கை. பிறப்பை மாற்றிப் பாடியவர்களால் இந்தச் செருப்பை ஒன்றும் செய்ய முடியவில்லை.

தாத்தாவைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிக்குப் பயந்து திருத்திக்கொண்ட பாட்டு அது. அந்த அடியும் சேர்ந்துதான் அதில் பதிவாகியிருக்கிறது. ஆனால் பாடுகிறவன் யார் முன்னால் நின்று பாடினான் என்று கேட்காமலே, 'மக்களே இப்படித்தான் சொல்கிறார்கள்' என்று அச்சடிக்கிற ஆய்வை என்ன சொல்ல? அச்சானதும் அது ஆதாரம். அடுத்தவன் அதையே மேற்கோள் காட்டுவான்.

அவரை மட்டும் சொல்லி என்ன? படித்தவன் நானும் அன்றைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவர் மேலத்தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தார்.