அழைப்பும் கடனும்

ஒருவர் செய்யும் தொழில் அவருக்கென்று முன்பே விதிக்கப்பட்டதா, அவரே தேடிக்கொண்டதா? சமயங்கள் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் கேள்வி இது. கீதை ஒருவருக்கே உரிய கடமையான சுதர்மத்தைப் பேசுகிறது. 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர், துறவிகளுக்கும் குருமார்களுக்கும் மட்டுமே உரியதாக எண்ணப்பட்ட இறையழைப்பைச் செருப்புத் தைப்பவருக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் பொதுவாக்கினார். எந்த நேர்மையான தொழிலும் வழிபாடே என்ற அந்தக் கொள்கை உழைப்பவர்களுக்குப் பெரும் கண்ணியத்தைத் தந்தது. ஆனால் அந்த அழைப்பு எப்படி வந்து சேர்கிறது, வந்தது அழைப்புதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பவை எளிதில் விடை காண முடியாதவை. லூதரின் வழிவந்த திருச்சபை நடத்திய ஒரு பள்ளியின் பழைய மாணவர்களிடமிருந்து இதற்கான விடையைத் தேடிப் பார்க்கலாம்.

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் உள்ள பசோரி லூத்தரன் உயர்நிலைப் பள்ளி அது. கணினியின் அடிப்படை அமைப்பை வகுத்தவர்களில் ஒருவரான ஜான் வான் நியூமன் அங்கே படித்தார். அவருக்கு ஒரு வகுப்பு மேலே படித்த யூஜீன் விக்னர் 1963இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1920இல் பிறந்த ஜான் ஹர்சானிக்கு 1994இல் பொருளியலுக்கான நோபல் கிடைத்தது. யூதர்களுக்குத் தனிநாடு வேண்டுமென்று இயக்கம் கண்ட தியோடோர் ஹெர்ஸலும், மார்க்சியத் தத்துவவாதி ஜார்ஜ் லூகாச்சும் அதே பள்ளியின் முந்தைய தலைமுறையினர். ஒரே பள்ளியில் பயின்றவர்கள் இத்தனை திசைகளில் பிரிந்தார்கள் என்பது வியப்புக்குரியதுதான். அதைவிட வியப்பானது அவர்களுடைய தொடக்கம். கணிதமும் இயற்பியலும் சோறு போடாது என்று அஞ்சிய தந்தையர் பேச்சுக்கு இணங்கி நியூமனும் விக்னரும் வேதிப் பொறியியல் பட்டம் பெற்றார்கள். ஹர்சானியின் குடும்பத்தினர் மருந்துக்கடை வைத்திருந்தனர். அவர் மருந்தியல் படித்தார். எந்தத் துறையால் இன்று இவர்களை அறிகிறோமோ அந்தத் துறையின் பட்டத்தை மட்டும் நம்பி இந்த மூவரில் ஒருவரும் வாழ்க்கையைத் தொடங்கவில்லை.

எனவே, அழைப்பு என்பது உள்ளத்தின் ஆழத்திலிருந்து ஐயத்துக்கு இடமின்றி ஒலிக்கும் குரல் என்ற எண்ணம் பொருந்தாது. அது பெரும்பாலும் பிறர் வழியாகவே வந்து சேர்கிறது. அந்தப் பள்ளியில் கணிதம் கற்பித்தவர் லாஸ்லோ ராட்ஸ். சிறுவன் நியூமனின் திறமை பள்ளிப் பாடத்துக்குள் அடங்காது என்று கண்டு, தந்தையிடம் பேசி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் அவனுக்குத் தனியாகக் கற்பிக்க வழிசெய்தார். விக்னருக்குத் தம் புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார். பிற்காலத்தில் பிரின்ஸ்டனில் விக்னர் தம் அலுவலகத்தில் அந்த ஆசிரியரின் படத்தை வைத்திருந்தார். இங்கே நான் சொல்ல வருவது இதுதான்: ஒருவருடைய அழைப்பு இன்னொருவருடைய கவனத்தின் வழியே வருகிறதென்றால், அதனால் விளையும் வெற்றியைத் தனிச்சொத்தாகக் கொண்டாட இடமில்லை. அது பெற்றது, திருப்பித் தர வேண்டியது. அதாவது கடன்.

மேதை எங்கிருந்தாலும் வெளிப்பட்டே தீருவான், ஆசிரியர் வெறும் சாக்குதானே என்று கேட்கலாம். ஹர்சானியின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது. 1944இல் ஜெர்மானியப் படை ஹங்கேரிக்குள் நுழைந்த பின், யூத வம்சாவளியைச் சேர்ந்தவர் என்பதால் அவரைக் கட்டாய உழைப்புப் படையில் சேர்த்தார்கள். அந்த நவம்பரில் அவருடைய குழுவை ஆஸ்திரிய வதைமுகாமுக்குக் கொண்டுபோக ரயில் நிலையத்தில் நிறுத்தியபோது அவர் தப்பினார். ஓர் இயேசு சபைக் குருவானவர் மடத்தின் நிலவறையில் ஒளித்துவைத்தார். உடன் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். அவர்களுக்குள் எத்தனை கணித அறிஞர்கள், எத்தனை இசைவாணர்கள் இருந்தார்களோ, அது நமக்குத் தெரிய வழியே இல்லை. மேதை தானே வெளிப்படும் என்கிறவர்கள் வெளிப்பட்டவர்களை மட்டும் எண்ணிக் கணக்கு முடிக்கிறார்கள். புதைந்துபோனவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அப்படியானால் முயற்சிக்கு என்ன மதிப்பு, எல்லாமே ஊழ்தானா என்பது அடுத்த கேள்வி. 1950இல் ஹங்கேரியிலிருந்து வெளியேறி ஆஸ்திரேலியா சென்ற ஹர்சானியின் பட்டங்களுக்கு அங்கே மதிப்பில்லை. பகலில் ஆலை வேலை செய்துகொண்டே மாலையில் சிட்னி பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தார். உயிர் தப்பியது அவருக்குக் கிடைத்த பேறு. அந்த மாலைகள் அவருடைய உழைப்பு. ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் எழுதிய வள்ளுவர், ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்கவில்லை. கடன் என்று உணர்வதால் முயற்சி தளர்வதில்லை. தரப்பட்டதை வீணாக்கக் கூடாது என்ற பொறுப்பு அதனால் கூடுகிறது.

இதைவிடக் கடுமையான மறுப்பும் உண்டு. அழைப்பு என்று நம்பிச் செய்வதெல்லாம் நன்மையாகிவிடுமா? நியூமனும் விக்னரும் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றினார்கள். ஜப்பானில் குண்டு போடும் இடங்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் நியூமன் இருந்தார். திறமையைத் தெய்வத்தின் கொடை என்று சொல்லிவிட்டால் அதன் விளைவுகளைக் கேள்வி கேட்க முடியாமல் போகும். இந்த ஆபத்தை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அழைப்புக்கு வெளியே ஓர் அளவுகோல் வேண்டும். அதை அதே பள்ளியின் மாணவரே தந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1950களில் ஹர்சானி முன்வைத்த சோதனை இது: ஒரு சமுதாய ஏற்பாடு நியாயமானதா என்று தீர்மானிக்க, அந்தச் சமுதாயத்தில் யாராகவும் பிறக்க உனக்குச் சம வாய்ப்பு இருப்பதாக எண்ணிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுப்பாயா என்று பார். 1971இல் ஜான் ரால்ஸ் தம் நீதிக் கோட்பாட்டில் இதை ஒத்த எண்ணத்தை எடுத்து, அதிலிருந்து வேறு முடிவுகளுக்கு வந்தார்.

அந்தச் சோதனையைப் பள்ளிகளுக்கும் பயன்படுத்த வேண்டும் என்பதே என் வாதத்தின் முடிவு. பழைய மாணவர்களில் புகழ் பெற்றவர்களின் பெயர்களைப் பொறித்துவைத்துப் பெருமைப்படுவது இயல்பு. அது தவறும் அல்ல. ஆனால் அந்தப் பெயர்ப் பலகை பள்ளியின் அறத்தை அளக்காது. அந்த வகுப்பில் எந்த இருக்கையில் அமர்வோம் என்று தெரியாமலே அங்கே சேர நாம் சம்மதிப்போமா என்பதே அளவுகோல். ராட்ஸ் நியூமனுக்குத் தந்த கவனம், கணக்கு வராத மாணவனுக்கு அவனுக்கேற்ற வடிவில் கிடைக்கும் இடத்தில்தான் செருப்புத் தைப்பவரின் தொழிலும் இறையழைப்பே என்ற சொல் உண்மையாகும். அது கிடைக்காத இடத்தில், அழைப்பு என்ற கொள்கை வென்றவர்களின் தற்புகழ்ச்சியாகவே சுருங்கிப்போகும்.