வேலை தேடும் கல்வியா, வேலை படைக்கும் கல்வியா?

‘படித்து முடித்தபின் என்ன செய்யப் போகிறாய்?’ என்று ஒரு மாணவனைக் கேட்டால், ‘வேலை தேடுவேன்’ என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. ‘இன்னதைப் படைப்பேன்’ என்று சொல்லும் துணிவை நாம் அவனுக்கு ஊட்டியிருக்கிறோமா?

வங்காளத்தின் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் இந்த வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கினார். எடின்பரோவில் அறிவியல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1889-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் ஆசிரியரானார். பட்டதாரிகள் எழுத்தர் வேலைக்காக ஏங்கி நிற்பது அவரை வருத்தியது. 1892-இல் சுமார் 700 ரூபாய் முதலுடன், தாம் குடியிருந்த வீட்டிலேயே மருந்துகள் தயாரிக்கத் தொடங்கினார். அம்முயற்சியே 1901-இல் ‘பெங்கால் கெமிக்கல்’ என்ற நிறுவனமாக உருப்பெற்றது.

தொழில் முனைவு பேராசையை வளர்த்துவிடாதா என்று சிலர் ஐயுறலாம். பொருள் ஈட்டுவது குற்றமன்று. அதை எதற்காக ஈட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே அறம் அமைகிறது. ராய் அறிவியல் கல்லூரியின் ஓர் அறையில் எளிமையாக வாழ்ந்தார். 60 வயதை எட்டிய 1921 முதல் தம் ஊதியத்தைக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கே அளித்தார்.

படைப்பாற்றலை மனப்பாடம் செய்விக்க இயலாது. 2016-இல் தொடங்கப்பட்ட அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடத் திட்டம் பள்ளி மாணவர் கையில் கருவிகளைத் தந்திருக்கிறது, இது நன்று. ஆனால், செய்து பார்த்துத் தவறியவனை ஏளனம் செய்யும் வகுப்பறையில் எந்தக் கருவியும் பயன் தராது. தவறுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும் நாம், முயற்சிக்கு என்ன தருகிறோம்?

அஞ்சாமையையும் பிறர்நலம் பேணுதலையும் ஆசிரியர் முதலில் வாழ்ந்து காட்டட்டும். மாணவன் தானே முனைந்து எழுவான்.