யாருக்காகப் பூங்கா?

சாந்தோம் பேராலயத்துக்குத் தெற்கே, அடையாற்றின் கழிமுகத்தை அடுத்து, 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா அமைந்துள்ளது. முன்பு கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்ட இடம் அது. அவற்றை அகற்றி, அலையாத்திச் செடிகளையும் இம்மண்ணுக்குரிய மரங்களையும் நட்டு 2011 சனவரியில் திறந்தனர். மடையானும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் அங்கே இரை தேடுகின்றன.

எனினும் விரும்பியவர் விரும்பியபோது நுழையலாம் என்று விட்டுவிடவில்லை. கட்டுப்பாட்டுடனேயே பார்வையாளரை அனுமதித்தனர். பொதுப் பணத்தில் உருவான பூங்காவைப் பொதுமக்களிடமிருந்தே காப்பது முறைதானா? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் நெருக்கமான குடியிருப்புகளில் வளரும் சிறுவர்க்கு ஓடியாட இடமில்லை. கொக்குக்கு 58 ஏக்கர், என் குழந்தைக்குத் தெருவா என்று ஒரு தாய் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

கொக்கின் பக்கத்திலும் வழக்கு உண்டு. நாம் கூட்டித் தள்ளும் சருகில்தான் புழுவும் பூச்சியும் வாழ்கின்றன. அவற்றை நம்பிப் பறவைகள் வாழ்கின்றன. பட்டமரத்துப் பொந்தில் ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. நாம் தூய்மை என்று போற்றுவது இவற்றுக்கு வீடிழப்பு. (திருவிழாவுக்கு முன் நம் ஆலய வளாகங்களிலும் இதே துடைப்பமும் அரிவாளும்தானே!)

விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விடவேண்டும். அதில் தானாய் விளைவது ஏழைகளுக்கு. அவர்கள் விட்டது காட்டு விலங்குகளுக்கு. ஏழைக்கும் விலங்குக்கும் ஒரே வயல்! ஒதுங்கி நிற்கவேண்டியவர் நிலத்தின் உரிமையாளர். அப்படியானால் கொக்கையும் குழந்தையையும் எதிரெதிரே நிறுத்தியவர் யார்? பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் சாலையாகவும் அலுவலகங்களாகவும் மாறியது ஏழைகளால் அன்று. வசதி படைத்தோர் வாழும் பகுதிகளில் பசுமை பேணப்படுவதையும், ஒதுக்கப்பட்டோர் வாழும் இடங்களில் அது இல்லாமையையும் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார்.

அத்தாயின் கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை கூறவேண்டியது கொக்கு அன்று. அக்குழந்தைக்கு ஆடுகளம் வேண்டும். நம் பள்ளிகளின் விளையாட்டுத் திடல்கள் பல, மாலை மணி அடித்ததும் பூட்டப்படுகின்றன. சாவி நம்மிடந்தான் இருக்கிறது.