ஏழரை நாழிகைச் சாமாயிகம்

 

தை அறுவடை முடிந்து களங்கள் ஓயும் நாள்களில், நம் தஞ்சைத் தரணியின் இல்லங்களில் இப்போதெல்லாம் வேறொரு கவலை குடிபுகுகிறது. கரந்தை ஆதீசுவரர் ஜினாலயத்தில் தரிசனம் முடித்து அமர்ந்திருந்தபோது அன்னையார் ஒருவர் நம்மை அணுகினார். "டீச்சரம்மா, என் பேத்தி நீட் தேர்வு எழுதப் போகிறாள். எல்லாம் படித்திருக்கிறாள். ஆனால் மூன்று மணி நேரம் அமர்ந்து எழுதும்போது இடையிலேயே மனம் கலங்கிவிடுகிறது என்கிறாள். இதற்கு ஏதேனும் மந்திரம் உண்டா?" என்று வினவினார்.

மந்திரம் உண்டு. அம்மந்திரத்தோடு கூடிய பயிற்சியும் நம் இல்லங்களில் நெடுங்காலமாக உண்டு. அதுவே சாமாயிகம். குறித்த காலம் வரை விருப்பும் வெறுப்புமின்றி, மனம், மொழி, மெய் மூன்றையும் அடக்கித் தன்னிலே தான் நிற்பது சாமாயிகம். அதற்கு வகுத்த காலம் ஒரு முகூர்த்தம்; அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். 2025 மே 4 அன்று நடந்த நீட் தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை 180 நிமிடம். நாழிகைக் கணக்கில் ஏழரை. ஏழரை என்றதும் சிலருக்குச் சனியின் நினைவு வரக்கூடும். வினைக்கொள்கை அறிந்த நமக்கு அவ்வச்சம் வேண்டா. இரண்டு நாழிகை அசையாது அமரப் பழகிய பிள்ளைக்கு ஏழரை நாழிகை எட்டாத தொலைவன்று.

ஆசாரியர் உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்திலும், ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும் சாமாயிகத்திற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது குற்றங்களை, உரைத்துள்ளனர். ஆசிரியப் பணியில் பல்லாண்டு தேர்வுக்கூடங்களில் மேற்பார்வையாளராக நின்று கண்ட நமக்கு, அவ்வைந்தும் தேர்வு எழுதுவோரின் குற்றங்களாகவே தோன்றுகின்றன.

முதலாவது, மனம் தவறான வழியில் செல்லுதல். விடை தெரியாத வினாவை எண்ணி வருந்துவதும், வரப்போகும் மதிப்பெண்ணை எண்ணி அஞ்சுவதும் ஆர்த்த தியானமே. மேட்டூரிலிருந்து வரும் நீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து செல்வதை நாம் அறிவோம். தலைமடைக்காரர் தம் வயலிலேயே நீரைத் தேக்கிக்கொண்டால் கடைமடை காய்ந்துபோகும். தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள். இயற்பியல் கணக்கு ஒன்றில் பத்து நிமிடம் தேங்கினால், உயிரியலில் பத்து வினாக்கள் கடைமடையாகக் காயும். "இதை விடமாட்டேன்" என்பது மானம் என்னும் கஷாயம். குறியிட்டுவிட்டு மேலே செல்க. நேரம் இருப்பின் திரும்பி வருக. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறானதற்கு ஒன்று குறையும். ஒன்றும் அறியாத வினாவிற்கும் ஏதோ ஒரு வட்டத்தை நிரப்பத் தூண்டுவது லோபம். அதனையும் விலக்குக.

இரண்டாவது, மொழியின் குற்றம். கூடத்தினுள் வாய் மூடியிருக்கும். ஆனால் வாயிலில் நின்று, "அதைப் படித்தாயா, இதைப் படித்தாயா?" என்று தோழியர் பேசும் பேச்சு உள்ளே வந்தும் ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த அரைமணி நேரம் மௌனம் காத்தல் நன்று.

மூன்றாவது, உடலின் குற்றம். கத்திரி வெயில் தொடங்கும் காலம். உண்டபின் உறக்கம் அழுத்தும் பிற்பகல். அன்று பிள்ளையை உபவாசம் இருக்கச் செய்யாதீர்கள், விருந்தும் படைக்காதீர்கள். பருப்புச் சோறும் தயிரும் போதும். தேர்வுக்கு முந்திய வாரங்களில், அதே இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை வீட்டில் அமர்த்தி மாதிரித் தேர்வு எழுதச் செய்யுங்கள். உடல் அந்த நேரத்தில் விழித்திருக்கப் பழகும்.

நான்காவது, அனாதரம், செய்வதில் மதிப்பின்மை. இது பெரும்பாலும் கடைசி மணி நேரத்தில், களைப்பின் வடிவில் வரும். "தவறான கூற்று எது?" என்று கேட்டிருக்க, "சரியான கூற்று எது?" என்று படித்து விடை தருவர். நூறாவது வினாவையும் முதல் வினாவைப் போலவே முழுமையாகப் படித்தல் வேண்டும்.

ஐந்தாவது, மறதி, தான் எவ்விடத்தில் நிற்கிறோம் என்னும் நினைவை இழத்தல். ஒரு வினாவை விட்டுச் சென்றவர், விடைத்தாளில் வரிசை மாறி வட்டங்களை நிரப்பிக்கொண்டே போவார். அறிவு இருந்தும் விழிப்பு இல்லையெனில் பயனில்லை.

இவ்வைந்துக்கும் மருந்தாக அமைவது காயோத்சர்க்க முறை. ஒரு பஞ்ச நமஸ்காரத்திற்கு மூன்று மூச்சு; ஒன்பது முறைக்கு இருபத்தேழு மூச்சு. தேர்வு தொடங்குமுன் ஒன்பது முறை. பின்னர் ஒவ்வொரு பாடப்பகுதி முடிந்ததும் கண்மூடி ஒரே முறை. அரை நிமிடம் செலவாகும். கலங்கிய நீர் தெளியும். ஆனால் தேர்வன்று மட்டும் செய்தால் இது கைகூடாது. இன்றே பத்து நிமிடத்தில் தொடங்கி, நாளும் சிறிது வளர்த்து, இரண்டு நாழிகையை எட்டுக.

இனிப் பெற்றோர்க்கு ஒரு சொல். முன்பொரு பொதுத்தேர்வில், மாணவி ஒருத்தி அரைமணி நேரமாக வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாம் விடை எதுவும் கூறவில்லை; கூறுதல் அறமாகாது. நீர் கொடுத்து, மெல்ல மூச்சு விடச் சொன்னோம். சிறிது நேரத்தில் எழுதத் தொடங்கினாள். தேர்வு முடிந்து வெளியே வந்தபின் அழுதாள். "மார்க் குறைந்தால் வீட்டுப் படி ஏறாதே" என்று தந்தையார் காலையில் சொல்லி அனுப்பினாராம்.

அத்தந்தையைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. நம் மகனின் தேர்வுக்கு முதல்நாள் இரவு, "ஆசிரியையின் பிள்ளை தோற்றான் என்று ஊர் சொல்ல வைத்துவிடாதே" என்று நாமே கூறினோம். அவன் அன்றிரவு உறங்கவில்லை. நன்கறிந்த கணக்குகளிலேயே மறுநாள் தடுமாறினான். பிறர் கல்விக்கு இடையூறு செய்தல் ஞானாவரணீய வினைக்குக் காரணம் என்று பாடம் சொல்லிய வாயாலேயே அவ்வினையைத் தேடிக்கொண்டோம். அவன் மறந்துவிட்டான், நாம் பிரதிக்கிரமணம் செய்யும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. கொல்லாமை பேணும் குலத்தில் பிறந்தோம். எறும்புக்கு அஞ்சி அடியெடுத்து வைக்கும் நாம், பெற்ற பிள்ளையின் நெஞ்சில் சொல்லால் அடிப்பதை ஹிம்சை என்று எண்ணுவதில்லை. இத்தேர்வின் பொருட்டு நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். கிடைத்தற்கரிய மானிடப் பிறவியைவிடப் பெரிதாகுமோ ஒரு தேர்வு?

நம் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் 1904இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களில் தோற்று, உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையிலும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவரையே 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டி தன் உறுப்பினராக ஏற்றது. தேர்வு அளப்பது அன்றைய மூன்று மணி நேரத்தையே. ஆன்மாவின் அளவற்ற ஞானத்தையன்று. இதனை உணர்தல் நற்காட்சி. உணர்ந்தவர்க்கு அச்சமில்லை; அச்சமில்லாதபோது அறிவு கூர்மை பெறும்.

தேர்வு ஐந்து மணிக்கு முடிகிறது. பொழுது சாய இன்னும் நேரம் இருக்கும். வாயிலில் நின்று, "எத்தனை வரும்?" என்று கேளாதீர்கள். வீட்டிற்கு அழைத்து வந்து, விளக்கேற்றுமுன் பகலுணவின் நியமம் தவறாமல் அருகில் அமர்ந்து பரிமாறுங்கள். அன்றைய நாளில் பெற்றோர் செய்ய வேண்டிய சாமாயிகம் அதுவே.

அந்த அன்னையாரிடம் நாம் கூறியதும் இதுவே. "அப்படியானால் முதலில் நான் அல்லவா பழக வேண்டும்!" என்றார் அவர். ஆம், பேத்தியும் பாட்டியும் இப்போது நாள்தோறும் சேர்ந்தே அமர்கின்றனர்.

எல்லா உயிர்களும் இன்புறுக! வளர்க ஜினதருமம்!