பூக்காரம்மாவின் 900 ரூபாய்

காலையில் 900 ரூபாய் கடன் வாங்கி, சாயங்காலம் 1,000 ஆகத் திருப்பித் தருகிற பூக்காரம்மாவிடம் 'கொஞ்சம் சேமிக்கக் கூடாதா?' என்று உபதேசிப்பது சுலபம். தினம் 50 ரூபாய் ஒதுக்கினால் 18 நாளில் அந்த 900 சொந்த முதலாகிவிடும். கணக்கு சரிதான். (2003-லேயே கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. வட்டிக்காரரிடம் யாரும் சொல்லவில்லை போல!)

சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சிறு வியாபாரிகளின் கடனை ஆராய்ச்சியாளர்களே மொத்தமாக அடைத்துப் பார்த்தார்கள். 2019-ல் வெளியான முடிவு: பெரும்பாலோர் ஆறே வாரத்தில் மறுபடியும் கடனில். 'பார்த்தீங்களா, இவங்களுக்குப் பொறுப்பே கிடையாது' என்று முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜுரமும் மொய்யும் நமக்கும்தான் வருகின்றன; நாம் ஏ.டி.எம்.முக்குப் போகிறோம். அவருக்கு அந்த 900தான் ஏ.டி.எம்., இன்ஷூரன்ஸ் எல்லாம். மாதம் தவறாமல் நம் எஸ்.ஐ.பி. போவது நம் ஒழுக்கத்தாலா, ஒண்ணாம் தேதி சம்பளத்தாலா?