அளத்தலின் அறம்

பொய் சொல்லாதிருப்பதும் உண்மை சொல்வதும் ஒன்றா? அறவியலிற் பழமை வாய்ந்த இவ்வினாவுக்கு நூல்களிலே விடை தேடுவோர் பலர். வடதுருவத்தை நோக்கிப் பாயும் ஆறுகளின் நீரைச் சோதித்தோர் அனுபவத்திலும் இதற்கு ஒரு விடை உண்டு.

உலகச் சமுத்திரங்களின் மொத்த நீரில் ஏறத்தாழ 1 வீதத்தையே ஆட்டிக் சமுத்திரம் கொண்டுள்ளது. ஆயினும் உலகின் ஆறுகள் கடலிற் சேர்க்கும் நீரில் 10 வீதத்துக்கும் மேற்பட்ட பங்கு அதனையே சென்றடைகின்றது. ஆதலின் ஓப், யெனிசி, லேனா, கொலிமா, யூக்கொன், மக்கென்சி ஆகிய பேராறுகள் எவற்றைச் சுமந்து வருகின்றன என்பது அச்சமுத்திரத்தின் நிலையை அறிய விழைவோர்க்குத் தலையாய வினாவாகும். புவி வெப்பமடைந்து உறைநிலம் இளகும்போது, அதனுள் நெடுங்காலம் கட்டுண்டிருந்த காபனும் நைதரசனும் ஆற்றுநீரை வந்தடையக் கூடும். இம்மாற்றத்தை உணர்தற்கு நேற்றைய அளவு வேண்டும். நேற்றைய நீரோ கடலிற் கலந்துவிட்டது. எஞ்சியிருப்பது அன்று ஒருவர் எழுதிவைத்த எண் மாத்திரமே.

அத்தகைய எண்களைச் சோவியத் காலத்து நீரியல் நிலையங்கள் பல தசாப்தங்களாகப் பொறுமையுடன் பதிந்து வந்தன. 1936 முதல் 1999 வரையான காலத்தில் யூரேசியாவின் பெரிய ஆறுகள் ஆறும் ஆட்டிக் சமுத்திரத்துக்கு அளித்த நீர் ஏறத்தாழ 7 வீதத்தால் பெருகிற்று என்று 2002இல் ஆய்வாளர் நிறுவ முடிந்தமை அப்பதிவுகளின் பயனேயாகும். ஆனால் நீரின் இரசாயனம் பற்றிய பதிவுகள் யாவும் அதே தரத்தன அல்ல. 2000ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ரஷ்ய, அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்து ஓப், யெனிசி ஆறுகளின் நீரைச் சோதித்தபோது, பழைய ஏடுகள் கூறியதிலும் மிகக் குறைந்த அமோனியமே காணப்பட்டது. ஆறு மாறவில்லை, நெடுங்காலப் பதிவுகளே பிழைபட்டிருந்தன என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

அவற்றை எழுதியோரைப் பொய்யர் எனலாமா? ஆகாது. நுண்ணிய அளவிலான அமோனியத்தை அளத்தல் அரிது. மாதிரிநீர் கையாலும் காற்றாலும் மாசுறும். போத்தலிலே காத்திருக்கும்போதே நுண்ணுயிர்களால் மாற்றமடையும். கண்டதைக் கண்டவாறே எழுதியவரும் உண்மையல்லாததை எழுதிவிடல் கூடும். ஆகவே, உள்ளத்தூய்மை உண்மைக்கு இன்றியமையாதது. ஆனால் அது மாத்திரம் போதாது. தன் முடிவைப் பிறர் சோதித்தற்கு இடமளிப்பதும் வாய்மையின் ஒரு கூறேயாம். பிழைத்தல் குற்றமன்று, பிழை வெளிப்படும் வழியை அடைத்தலே குற்றம்.

இவ்வுணர்வின் பயனாகவே 2003 முதல் மேற்கூறிய ஆறு ஆறுகளிலும் ஒரே முறையில் மாதிரி எடுக்கும் கூட்டுமுயற்சி தொடங்கிற்று. கோடையில் மாத்திரம் சென்று திரும்புதல் வசதியானது. ஆனால் அவ்வாறு பெறும் அறிவு அரைகுறையானது. பனி உருகும் வசந்தகால வெள்ளத்திலேயே கரைந்த சேதனக் காபனின் பெரும்பங்கு கடலை அடைகின்றது. குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளைத்தும், வசந்தத்தில் வெள்ளத்தின் நடுவே படகிற் சென்றும் நீர் எடுக்க வேண்டியிருந்தது. பெற்ற தரவுகளோ எவரும் ஆராயுமாறு பொதுவில் வைக்கப்பட்டன.

2022இல் உக்ரேன் மீதான ரஷ்யப் படையெடுப்பின் பின்னர், ரஷ்யாவுக்கும் மேலைநாடுகளுக்கும் இடையிலான விஞ்ஞான உறவுகள் பெருமளவில் அறுந்தன. மேற்கூறிய ஆறுகளுள் நான்கு ரஷ்யாவிலே பாய்வன. ஆக்கிரமிப்புச் செய்யும் அரசோடு கைகோத்தல் தகாது என்போர் வாதம் அறத்தின்பாற்பட்டதே. அதனை இகழ்தல் தகாது. எனினும் அதற்குக் கொடுக்கும் விலை யாது என்பதையும் மறைத்தல் தகாது. இழக்கப்படுவது வெறும் நட்பன்று. ஒருவர் பிழையை மற்றவர் காணும் வாய்ப்பாகும். இன்று அளக்கப்படாத நீரை நாளை எவரும் அளக்க இயலாது. இன்று ஒப்புநோக்கப்படாத எண்ணை நாளை எவரும் முழுதாக நம்பவும் இயலாது.

தனியொருவர் உள்ளத்தால் நேர்மையாளராக இருத்தல் கூடும். உண்மையை அடைதற்கோ அவர்க்கு மற்றொருவர் வேண்டும். சில வேளைகளில் அம்மற்றொருவர் எல்லைக்கு அப்பாலும் இருப்பார்.