எந்தக் கடனுக்காகச் சீருடை?

பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் பண்டாரவளையைத் தாண்டியதும் தியத்தலாவையில் நிற்கும். 1900இல் போயர் யுத்தக் கைதிகளை அடைத்துவைக்க ஆங்கிலேயர் முகாம் போட்ட ஊர் அது. இன்று இலங்கை இராணுவத்துக்கு அதிகாரிகளை உருவாக்கும் கல்விக்கூடம் இருப்பதும் அங்கேதான். ஊவாவின் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு வேலை தேடிப் போகும்போதும், தீபாவளிக்குத் திரும்பி வரும்போதும் அந்த ஸ்டேஷனைக் கடந்துதான் போகிறார்கள். தங்களுக்கும் அங்கே ஓர் இடம் உண்டா என்று நினைத்துப் பார்க்கிறவர்கள் அவர்களில் குறைவு. ஆனால் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் மெதுவாகக் கேட்கும் கேள்வி, வெளியே உரத்துப் பேசப்படுவதில்லை: ஆமிக்குப் போவது சரியா?

பதினெட்டு வயதில் கேட்கப்படுவதும் இருபத்துமூன்று, இருபத்துநான்கில் கேட்கப்படுவதும் ஒரே கேள்வி இல்லை. பதினெட்டில் போகிறவனைப் பாதி தூரம் மற்றவர்கள் கொண்டுபோய் விடுகிறார்கள். கூட்டாளி போகிறான், உயர்தரம் சரிவரவில்லை, சீருடையின் மேல் ஓர் ஆசை. இருபத்துநான்கில் இருப்பவன் ஐந்தாறு வருடம் உலகத்தைப் பார்த்துவிட்டவன். புறக்கோட்டைத் துணிக்கடையில் நின்றிருப்பான். 2020இல் நோய்த்தொற்று அவனை ஒருமுறை லயத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கும், 2022இன் நெருக்கடி இன்னொருமுறை. அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறாள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது 2024இல். ஆட்சேர்ப்புக்கான வயது எல்லையோ இருபதுகளின் நடுவில் முடிந்துவிடும். சாதாரணச் சிப்பாய்க்கு 22 வருடச் சேவைக்குப் பிறகுதான் ஓய்வூதியம். பதினெட்டில் சேர்ந்தவன் நாற்பதில் வீடு வருவான், இருபத்துநான்கில் சேர்ந்தவன் நாற்பத்தாறில். கதவும் முன்போல அகலத் திறந்தில்லை. இரண்டு இலட்சமாக இருந்த இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது.

இந்தக் கணக்கை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவன் யோசிக்கிறான். அதனாலேயே அவன் முடிவுக்கு அறப்பொறுப்பு கூடுகிறது. தெரியாமல் சேர்ந்தேன் என்று பின்னால் சொல்ல அவனுக்கு இடமில்லை.

சம்பளத்துக்காகச் சேர்வது இழிவா என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். இழிவில்லை. மாதம் தவறாமல் வரும் பணம், தங்கச்சியின் படிப்பு, ஒரு வீடு: இவற்றுக்காக ஆபத்தான தொழிலை ஏற்கிறவனை, லயத்துக் கூரையின் கீழ் ஒரு மழைக்காலமும் இருந்து பார்க்காதவர்கள் நியாயம் விசாரிக்கக் கூடாது. மஹியங்கனையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் சேர்கிற சிங்கள விவசாயிகளின் பிள்ளைகளும் பெரும்பாலும் இதே காரணத்துக்காகவே சேர்கிறார்கள். ஆனால் வறுமை ஏன் சேர்ந்தான் என்பதற்குத்தான் பதில் சொல்லும். எதில் சேர்ந்தான் என்பதற்குச் சொல்லாது.

வேறொரு காரணமும் சொல்லப்படுகிறது. அது பசியைவிட ஆபத்தானது. நாமும் இந்த நாட்டுக்காரர்தான் என்று காட்ட வேண்டும், சீருடை போட்டால் யாரும் நம்மைக் கள்ளத்தோணி என்று சொல்ல மாட்டார்கள் என்பது அது. இதை நம்பிப் போகிற இளைஞன் தன் தாத்தாவின் கதையைச் சரியாகக் கேட்டிருக்க மாட்டான். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதர்கள் பங்கு பிரிக்கப்பட்டார்கள். பதுளை ஸ்டேஷனில் ஒரே குடும்பம் இரண்டாக அழுதது. எஞ்சியவர்களின் நிலை 1988லும் 2003லும் வந்த சட்டங்களால்தான் தீர்ந்தது. அதாவது, இன்று ஆட்சேர்ப்பு விண்ணப்பத்தை நிரப்புகிற ஒருவனின் பாட்டன், வாழ்நாள் முழுதும் இந்த மண்ணில் உழைத்தும், அதே விண்ணப்பத்தைக் கேட்கக்கூட உரிமையில்லாமல் செத்திருக்கலாம்.

பறித்ததைத் திருப்பிக் கொடுத்தவருக்கு யாரும் நன்றிக்கடன் பட்டவர் இல்லை. குடியுரிமை இந்த மக்களுக்குத் தானமாக வரவில்லை, அரை நூற்றாண்டு தாமதமாக வந்தது. அப்படியிருக்க, அதற்கு ஈடாக ஓர் உயிரை வைப்பது இல்லாத கடனுக்கு வட்டி கட்டுவதாகும். விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் அவன் தோட்டத்தின் பெயரை எழுதுவான், பிரிவின் பெயரை எழுதுவான். பல தோட்டங்களில் வீட்டு இலக்கம் என்று எழுத எதுவும் இருக்காது. கடன் பாக்கி இருப்பது எந்தப் பக்கம் என்று அந்த வெற்றிடத்தைப் பார்த்தாலே தெரியும்.

எதிர்ப்பக்கத்து வாதமும் லேசானதில்லை. அதன் மையத்தில் இருப்பது பிந்துனுவெவ. பண்டாரவளைக்குப் பக்கத்தில், தியத்தலாவைக்கும் அதிகத் தூரமில்லாத இடத்தில் இருந்த புனர்வாழ்வு முகாம் அது. 2000 ஒக்டோபர் 25 காலையில் ஒரு கும்பல் உள்ளே புகுந்து, அங்கே வைக்கப்பட்டிருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை வெட்டியும் அடித்தும் எரித்தும் கொன்றது. காவலுக்கு ஆயுதத்தோடு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. இந்த அரசின் துப்பாக்கியை இந்த மாவட்டத்துத் தமிழன் எப்படித் தூக்குவான் என்று கேட்கிறவர்கள் வெறும் கோபத்தில் கேட்கவில்லை. 1977க்குப் பிறகு கலவரங்களுக்குப் பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல. அவர்களின் பிள்ளைகளைப் போரின் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். 2009இல் இராணுவத்தின் ஷெல்லடியிலும் அவர்களே செத்தார்கள். பதுளையில் இருந்து சேர்கிறவனின் சொந்தக்காரர் யாராவது முள்ளிவாய்க்காலில் இருந்திருக்கலாம்.

ஆனால் அதே மாவட்டத்தில் மீரியபெத்தையும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு மேலே மலை இறங்கி லயங்களை மூடியது. அபாயம் இருக்கிறது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தும் மக்களை மாற்றிக் குடியமர்த்தாமல் விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மழையிலும் சேற்றிலும் நாட்கணக்கில் மண்ணைத் தோண்டியவர்கள் இராணுவச் சிப்பாய்கள். கிடைத்த உடலைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு அதன் பெயரைச் சொல்லி அழுகிறவர்களின் மொழி தெரியாது. அங்கே தமிழ் பேசும் ஒரு சிப்பாய் நின்றிருந்தால் ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய காரியம்! 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் ஊவாவின் மலைகளை உடைத்தபோதும் இதே தேவை திரும்பி வந்தது.

இந்த இரண்டு சம்பவங்களையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்ப்பதில் பயனில்லை. பிந்துனுவெவவை மீரியபெத்தை கழுவாது, மீரியபெத்தையில் தோண்டிய கைகளைப் பிந்துனுவெவ அழுக்காக்காது. சேரப்போகிறவனுக்கு இவை சொல்லும் செய்தி ஒன்றுதான்: எந்தக் காலைக்கு அனுப்பப்படுவோம் என்பதைத் தீர்மானிப்பவன் அவனில்லை.

கேள்வியின் அடி அங்கேதான் இருக்கிறது. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவன் துரையோடு சண்டை பிடிக்கலாம், சங்கத்துக்குப் போகலாம், பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் கொழும்புக்கு ரயிலேறலாம். சிப்பாய்க்கு அந்த வழியில்லை. சொல்லாமல் போனால் அவன் தப்பியோடியவன், பிடித்தால் தண்டனை. போர்க்காலத்தில் அப்படி ஓடியவர்கள் பல்லாயிரம் பேர், அரசு திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவிக்கும் அளவுக்கு. 1949இன் இராணுவச் சட்டம் சட்டபூர்வமான கட்டளைக்குத்தான் கீழ்ப்படியச் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் இரவில், துப்பாக்கியோடு, மேலதிகாரி முன்னால் நிற்கையில் எது சட்டபூர்வம் என்று பிரித்தறியும் வேலை மிகக் கீழ்ப்படியில் நிற்பவன் தலையில் விழுகிறது. யாழ்ப்பாணத்து மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் 1998இல் தண்டிக்கப்பட்டவர்கள் கீழ்நிலைப் படையினர். அவர்களில் ஒருவர், செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். உடல்களைப் புதைக்கும் நிலை வரை அந்த ஏற்பாட்டை நடத்தியவர்கள் யார் என்ற கேள்விக்கு எந்தத் தீர்ப்பும் பதில் சொல்லவில்லை. செய்தவனின் குற்றம் அதனால் ஒரு துளியும் குறையாது. சிப்பாயாகச் சேர நினைக்கிறவன் மனதில் இருத்த வேண்டியது அதைத்தான்.

இதை இனப் பிரச்சினை மட்டும் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் 1971 ஏப்ரல் 5ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஜே.வி.பி. கிளர்ச்சியின் முதல் தாக்குதல் விடியுமுன் நடந்தது ஊவாவின் வெல்லவாய பொலிஸ் நிலையத்தில்தான். அதை அடக்கவும், பிறகு 1987க்கும் 1989க்கும் இடையில் இன்னும் கொடூரமாக அடக்கவும் அனுப்பப்பட்டவர்கள் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள். செத்தவர்களும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள். 2022 ஜூலை 22 விடியற்காலையில் காலிமுகத்திடலில் படையினர் போராட்டக்காரர்களின் கூடாரங்களைப் பிய்த்தபோதும் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே மொழிதான். மண்ணின் மைந்தன் என்ற பட்டம் தன் சொந்தக் கிராமத்தின் மீது ஏவப்படுவதிலிருந்து எந்தச் சிப்பாயையும் காப்பாற்றவில்லை.

தமிழர் இல்லாத இராணுவம் தமிழருக்கு எதிரானதாகவே இருக்கும், உள்ளே போனால்தான் மாற்றலாம் என்று சொல்வோர் உண்டு. 1962இன் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி முயற்சிக்குப் பிறகு படையில் சிங்கள பௌத்தர் அல்லாதவர்களின் எண்ணிக்கை வேகமாகச் சுருங்கியது வரலாறு. அது மாற வேண்டும்தான். ஆனால் தியத்தலாவையில் பயின்று அதிகாரியாகிறவனுக்குப் பொருந்தும் இந்த வாதத்தை, இருபத்துநான்கு வயதில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்கிறவன் தோளில் ஏற்றுவது அநியாயம். அவனால் நிறுவனத்தை மாற்ற முடியாது. சோதனைச் சாவடியில் ஒரு கிழவியை ஆச்சி என்று கூப்பிட முடியும். அது சிறியதில்லை, ஆனால் அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்ப்பது தவறு.

வள்ளுவர் கொல்லாமையை அறத்துப்பாலில் வைத்தார், படைமாட்சியையும் படைச்செருக்கையும் பொருட்பாலில் வைத்தார். ஒன்றை எழுதியதற்காக மற்றதை அவர் அழிக்கவில்லை. வீரனாக இருப்பவனுக்கும் கொல்லாமை அதிகாரம் அதே புத்தகத்தில் திறந்தே இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு தீர்ப்பு என்ன என்றால், சேரலாம். கண்ணைத் திறந்துகொண்டு, தன் குடும்பத்துக்காக, தன் உழைப்பை விற்கிறேன் என்ற தெளிவோடு சேர்கிறவனைத் துரோகி என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. யாருக்கோ விசுவாசத்தை நிரூபிக்கச் சேரக் கூடாது. ஒரு கட்டளையை மறுக்க வேண்டி வந்தால் மறுத்துவிட்டு, சிறையும் ஓய்வூதிய இழப்பும் வரட்டும் என்று தாங்குகிற பலம் தன்னிடம் இல்லை என்று தெரிந்தவனும் சேரக் கூடாது. அந்தப் பலம் இருக்கிறதா என்று அறிய அவனுக்கு அருகிலேயே ஒரு பழைய கதை கிடக்கிறது. 1940இல் பதுளைப் பகுதி வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தங்களுக்கு ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைப் பறித்தார்கள். நாளை பதுளை–பசறை வீதியில் சம்பளத்துக்காக அவனுடைய சனமே உட்கார்ந்தால், 1947இன் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி படையை அழைக்க முடியும். வெவெஸ்ஸவில் நிற்பது போல அவன் நினைத்துப் பார்க்கட்டும், இந்த முறை சீருடைப் பக்கத்தில்.

ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் இது இருக்காது. ஆனால் பண்டாரவளையைச் சுற்றிய கிராமங்களில் 22 வருடம் முடித்து, மிளகும் மரக்கறியும் போட்டுக்கொண்டு இருக்கும் முன்னாள் சிப்பாய்கள் இருக்கிறார்கள். சேவையை விட்டு ஓடி ஒளிந்து, மன்னிப்புக் காலத்தில் வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள். கொழும்புக் கடையில் பழகிய சிங்களம் அவனிடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எந்த நாளில் சேர்ந்ததற்காக வருந்தினீர்கள் என்று இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டு வரலாம். பிறகு விண்ணப்பத்தை எடுக்கலாம்.